மாட்டிக்கொண்ட தோட்டாக்கூடு

2013 வாக்கில் ஆன்சைட் வேலையாக டெக்சாஸில் எட்டு மாதம் இருந்தேன். டீமில் இருந்த ஒரு அமெரிக்கர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். காரேஜில் கார் இல்லை. ஒரு நீள மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி வைத்த பிரஸ், பக்கத்து டப்பாவில் சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்கூடுகள். தோட்டாவில் விலை அதிகமான பகுதி பித்தளைக் கூடுதான். அதைத் திரும்பப் பயன்படுத்தினால் காசு மிச்சம் என்று அங்கே பல பேர் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். நம் ஊரில் பெரியவர்கள் பழைய ரேடியோவைப் பிரித்து உட்காருவது மாதிரி.

சுட்டபோது உப்பிய கூட்டை ஒரு எஃகு அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அச்சுக்கு டை என்று பெயர். நான்காவதோ ஐந்தாவதோ கூட்டில் கைப்பிடி கீழே போனது, மேலே வரவில்லை. அவர் எழுந்து நின்று இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். கூட்டின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது, கூடு டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. கூட்டின் அடியில் ட்ரில் போட்டு, மரை வெட்டி, ஒரு திருகாணியை இறக்கி, அதைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்க மதியம் ஆகிவிட்டது. காரணம் கேட்டேன். "லூப் போட மறந்துட்டேன்" என்றார். எண்ணெய் தடவவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் திருகாணியைப் பார்த்ததும் எனக்கு என் அம்மாவின் அப்பா ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரைக்கு விதை அங்கேதான்.

தாத்தா ஊர் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பாதையில், ஜவ்வாது மலை அடிவாரம். மல்லாட்டையும் கேழ்வரகும் போடுவார். காட்டுப்பன்றிக்காக வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது, லைசென்ஸ் உள்ளது. போலீஸ் கணக்கில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர், அதாவது ஒற்றைக் குழல், வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி. மருந்து, அடைப்பு, ரவை எல்லாம் முன்பக்கமாகத்தான் உள்ளே போகும். ஒரு நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். தோட்டா என்ற பொருளே அதற்குக் கிடையாது.

1988 மழைக்காலம் என்று நினைவு. ஒரு ராத்திரி தாத்தா விசையை இழுத்தார். கேப்பு மட்டும் 'டப்' என்று வெடித்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. உள்ளே மருந்து நமத்துப் போயிருந்தது. கெட்டித்தது அப்படியே குழலுக்குள் மாட்டிக்கொண்டது. தாத்தா அதை மாட்டுக்கொட்டகைச் சுவரில், வாய் மேலே பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். நான் போனேன். "டேய், குழாய்க்கு முன்ன நிக்காதடா!" என்று ஒரு அறை விழுந்தது. அவர் கையால் நான் வாங்கிய ஒரே அறை அதுதான். மறுநாள் மலையிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் இறங்கி வந்தார். கம்பியின் நுனியில் ஒரு திருகாணியை மாட்டி, குழலுக்குள் விட்டு, மெதுவாகத் திருகி அடைப்பை வெளியே இழுத்தார். அவர் மூச்சே விடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

டெக்சாஸ் காரேஜிலும் திருகாணி, மாட்டுக்கொட்டகையிலும் திருகாணி. நடுவில் துப்பாக்கி வரலாற்றில் 200 வருஷம் இருக்கிறது. அந்த 200 வருஷமும் துப்பாக்கி செய்தவர்கள் தூக்கமில்லாமல் யோசித்தது, குண்டை எப்படி வேகமாக அனுப்புவது என்பதைப் பற்றி மட்டும் இல்லை. சுட்டபிறகு உள்ளே தங்குவதை எப்படி வெளியே எடுப்பது என்பதைப் பற்றியும்தான். கொஞ்ச நாள் இதைத் துரத்திப் படித்தேன்.

முதலில் ஏன் மாட்டுகிறது என்று பார்த்துவிடுவோம். வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று மாட்டிக்கொண்டால் அம்மா என்ன செய்வார்? வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து, உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார். வெளியே இருப்பது விரிய வேண்டும், உள்ளே இருப்பது சுருங்க வேண்டும். துப்பாக்கிக்கும் அதே கணக்குதான். வெடிக்கும்போது உள்ளே வருகிற அழுத்தம் சாதாரணமானது இல்லை. நண்பர் வைத்திருந்த .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி, எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அது ஒட்டினால்தான் புகையும் நெருப்பும் பின்னால் சுடுபவர் முகத்துக்கு வராது. அழுத்தம் இறங்கியதும் எஃகும் சுருங்கும், பித்தளையும் சுருங்கும். பித்தளை எஃகைவிட ஒரு மயிரிழை கூடுதலாகச் சுருங்கினால் கூடு கழன்று வரும். குறைவாகச் சுருங்கினால் மாட்டிக்கொள்ளும்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் முதல் வருஷ மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவன். ஆனாலும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உலோகம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக ஸ்பிரிங் மாதிரித் திரும்பும். மெத்தென்ற உலோகம் உப்பிய இடத்திலேயே நின்றுவிடும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளையை இழுத்து இழுத்துக் கெட்டிப்படுத்தினால் சரியான அளவுக்குத் திரும்புகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்பதுதான் மீதிக் கதை.

பித்தளைக்கு முன்னால் காகிதம். 1767 செப்டம்பர் 3 அன்று ஜவ்வாது மலைக்கும் தென்மலைக்கும் நடுவே உள்ள செங்கம் கணவாயில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கம் நின்று மோதினார்கள். என் தாத்தா ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அன்றைக்குக் கம்பெனி சிப்பாயின் தோட்டா என்பது மருந்தும் குண்டும் சுற்றிய ஒரு காகிதப் பொட்டலம். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, காகிதத்தோடு குண்டைக் கம்பியால் இடிக்க வேண்டும். சுட்டபிறகு வெளியே எடுக்க எதுவும் இல்லை. காகிதம் எரிந்தோ பறந்தோ போய்விடும். உள்ளே மாட்டிக்கொண்டால் எடுக்க அவர்களிடமும் கம்பி நுனியில் மாட்டுகிற திருகாணி இருந்தது.

குழலுக்குள் சுழல்வரி போட்ட என்ஃபீல்டு ரைஃபிள் வந்தபோது குண்டு குழலை இறுக்கிப் பிடித்தது. வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கொழுப்பு தடவ வேண்டியிருந்தது. அந்தக் கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் கிளம்பியது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1857-க்குக் கொழுப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லூப் என்கிற சின்ன விஷயம் ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்த்தது என்று அந்த அமெரிக்கரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, விக்கிபீடியாவைத் திறந்து பார்த்தார்.

அடுத்த பத்தே வருஷத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பழைய என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டி, ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் கதவு மாதிரித் திறக்கும் அமைப்பைப் பொருத்தியது. 1866-இல் ஸ்னைடர் ரைஃபிள் ஏற்கப்பட்டது. இனி முன்பக்கமாக இடிக்க வேண்டாம், பின்பக்கமாகத் தோட்டாவைச் செருகினால் போதும். இங்கேதான் புதுத் தலைவலி ஆரம்பம். பின்னால் செருகினால், சுட்டபிறகு காலிக் கூட்டைப் பின்னாலேயே எடுக்க வேண்டும். ஸ்னைடரில் கதவைத் திறந்து பின்னால் இழுத்து, பிறகு துப்பாக்கியையே கவிழ்த்து உதற வேண்டும். செருப்பில் கல் மாட்டினால் உதறுவோமே, அப்படி.

அதற்குத் தோட்டா வடிவமைத்தவர் உல்விச் ஆய்வுக்கூடத்தின் கர்னல் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு வைத்த கூடு அது. மலிவு. 1871-இல் ஏற்கப்பட்ட மார்டினி-ஹென்றிக்கும் அதே சுருட்டல் முறைதான், ஆனால் கழுத்து குறுகிய பாட்டில் வடிவம். இப்போது மேலே சொன்ன ஸ்பிரிங் கணக்கை நினைத்துப் பாருங்கள். சுருட்டிய மெல்லிய தகட்டுக்குத் திரும்பிச் சுருங்கும் பலமே கிடையாது. குழல் சூடேறி, கரி படிந்து, மணலும் சேர்ந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். நெம்புகோலை இழுத்தால் அடிவட்டு மட்டும் பிய்ந்து வரும், குழாய் உள்ளே தங்கிவிடும். டெக்சாஸ் காரேஜில் நடந்த அதே விபத்து. ஒரே ஒரு வித்தியாசம், எதிரே ஈட்டியோடு ஆள் வருகிறான்.

இது சூடானில் நடந்தது. கார்ட்டூமில் மாட்டிக்கொண்ட ஜெனரல் கார்டனை மீட்கப் போன படை 1885 ஜனவரி 17 அன்று அபு கிளியாவில் சதுரமாக அணிவகுத்து நின்றது. கடற்படையினர் கொண்டுவந்த கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கி நடுச் சண்டையில் அடைத்துக்கொண்டது. வீரர்கள் கையில் இருந்த மார்டினிகளிலும் கூடுகள் மாட்டின. மஹ்தியின் ஆட்கள் சதுரத்துக்குள் புகுந்துவிட்டார்கள், கர்னல் பர்னபி அங்கேயே செத்தார். அதே வருஷம் மார்ச்சில் செங்கடல் பக்கம் டோஃப்ரெக்கில் நடந்த சண்டையில் இந்தியப் படைகளும் இருந்தன. அதில் நம்ம சென்னை சாப்பர்ஸும் உண்டு. முள்வேலி கட்டிக்கொண்டிருந்தவர்கள் மீது தாக்குதல் வந்தது. டோஃப்ரெக் என்ற பெயர் இன்றும் அந்தப் படையின் போர்க் கௌரவப் பட்டியலில் இருக்கிறது.

சூடானுக்குப் பிறகுதான் லண்டன் விழித்துக்கொண்டது. சுருட்டிய தகடு போய், ஒரே துண்டுப் பித்தளையை இழுத்துச் செய்த கெட்டிக் கூடு வந்தது. பிந்தைய மார்டினிகளில் நெம்புகோலையும் நீளமாக்கினார்கள். மாட்டினாலும் கூடுதல் பலத்தோடு இழுக்கலாம் என்று.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஒரு எழுதாத விதி வைத்திருந்தார்கள். இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி வெள்ளைச் சிப்பாயினுடையதைவிட ஒரு தலைமுறை பின்தங்கித்தான் இருக்க வேண்டும். வெள்ளையருக்கு மார்டினி வந்தபோது இந்தியருக்கு ஸ்னைடர். வெள்ளையர் லீ-மெட்ஃபோர்டுக்குப் போனபோது இந்தியருக்கு மார்டினி. அதாவது ஒரு துப்பாக்கியின் கோளாறுகளைக் கண்டுபிடித்துக் கைவிட்ட பிறகு, கோளாறோடு நம்மிடம் தள்ளினார்கள். கூடு மாட்டுகிற அவஸ்தையை இந்தியச் சிப்பாய் கூடுதலாக இருபது வருஷம் சுமந்திருப்பான் என்பது என் கணக்கு.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தோற்றவர்கள் எல்லோரும் 'தோட்டா மாட்டிக்கொண்டது' என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. 1876 ஜூன் 25-இல் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் குதிரைப்படை அழிந்தபோதும் அதே காரணம் சொன்னார்கள். அவர்களுடைய கூடுகள் செம்பு சார்ந்தவை, மெத்தென்றவை. நம் கணக்குப்படி மாட்டத்தான் வேண்டும். 1983-இல் அங்கே புல் தீப்பிடித்து நிலம் வெறுமையானது. அடுத்த வருஷம் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கி, கிடைத்த ஒவ்வொரு கூட்டையும் உருப்பெருக்கியில் பார்த்தார்கள். மாட்டிய கூட்டைக் கத்தியால் நெம்பியிருந்தால் விளிம்பில் கீறல் இருக்கும் இல்லையா? கீறல் இருந்தவை மிகச் சில. மாட்டியது உண்மை, ஆனால் தோல்விக்கு அது காரணம் இல்லை. ஆதாரத்தைத் தேடிப்போகிற எல்லோருக்கும் இந்த ஆய்வை நான் சிபாரிசு செய்வேன். நூறு வருஷப் பெருமூச்சை ஒரு கீறல் தீர்த்துவைத்தது.

கெட்டிப் பித்தளை வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இந்தியாவின் மழை அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் பத்திரப்படுத்தும். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கழுத்துப் பகுதியில் விரிசல்! யாரும் சுடவில்லை, யாரும் தட்டவில்லை, பெட்டியில் இருந்தபடியே பித்தளை வெடித்திருக்கிறது. மழைப் பருவத்தில் வந்ததால் ஆங்கிலத்தில் இதற்குப் 'பருவ விரிசல்' என்று பொருள்படும் பெயரே வந்துவிட்டது. இன்றும் உலோகவியல் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர்தான். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி குதிரை மூத்திரம். அதிலிருந்து கிளம்புகிற அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, பித்தளையில் ஏற்கெனவே உறைந்திருக்கும் இறுக்கத்தைத் தேடிப்போய் அங்கே பிளக்கிறது.

கவனியுங்கள், கூடு மாட்டாமல் இருக்க அதைக் கெட்டியாக்கினார்கள். கெட்டியாக்கியதால் உள்ளே இறுக்கம் தங்கியது. அந்த இறுக்கமே லாயத்தில் அதை உடைத்தது. ஒரு பக்கை சரிசெய்தால் இன்னொரு பக் வரும் என்பது எங்கள் தொழிலில் தினசரிப் பிழைப்பு, அதனால் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். தீர்வும் அழகானது. கூட்டை மிதமான சூட்டில் வாட்டினால் இறுக்கம் மட்டும் இளகும், கெட்டித்தன்மை போகாது. இன்றைக்கு வீட்டில் தோட்டா கெட்டிக்கும் அமெரிக்கர்களும் கூட்டின் கழுத்தை நெருப்பில் வாட்டுகிறார்கள். அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பல தடவை சுட்டுக் கெட்டிப்பட்ட கழுத்து கிழியாமல் இருக்க அதை மெத்தென்று ஆக்குவது. அவர்களுக்கு லாயமும் தெரியாது, நம் மழையும் தெரியாது.

சரி, இந்தியாவில் ஏன் இந்தப் பொழுதுபோக்கு வளரவில்லை? பதிலில் பாதி தொழில்நுட்பம், பாதி சட்டம்.

தொழில்நுட்பத்துக்கு நீலகிரி போக வேண்டும். குன்னூர் பக்கம் அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. ஊட்டி ரயிலில் போனவர்கள் ஸ்டேஷன் பெயராவது பார்த்திருப்பீர்கள். 1903-இல் அமைக்கப்பட்டது. 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. கார்டைட் என்றால் சேமியா மாதிரி நீள இழைகளாக இருக்கும் வெடிமருந்து. பெயரே கயிறு என்ற பொருளிலிருந்து வந்ததுதான். .303 தோட்டாவில் இந்த இழைக்கட்டை உள்ளே வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். அதாவது குறுகிய கழுத்து வழியாக அந்தக் கட்டு உள்ளே போகவே முடியாது. சுட்டு முடித்த கூட்டில் அதே மருந்தைத் திரும்ப வைப்பது நடக்காத காரியம். அடியில் இருக்கும் கேப்பும் பெர்டான் வகை. பாக்ஸர் வகையென்றால் நடுவில் ஒரே துளை, ஊசியால் குத்திப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். பெர்டானில் இரண்டு சின்னத் துளைகள், நடுவே மேடு, ஊசி போகாது. வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் ஆங்கிலேயர், அவருடைய கேப்பு அமெரிக்காவில் நிலைத்தது. ஹைரம் பெர்டான் அமெரிக்கர், அவருடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. அமெரிக்கக் காரேஜ்களில் மறுபடி கெட்டிக்கும் பழக்கம் பரவ இந்த மாறாட்டமும் ஒரு காரணம்.

சட்டம் இன்னும் கறாரானது. லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்கள் கையிலிருந்து துப்பாக்கியை உருவியது. குடகு மக்களுக்கு மட்டும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு, இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்க உரிமம் வேண்டும். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 வருஷம். டெக்சாஸில் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு, இங்கே 7 வருஷம். எனவே 'நம்ம ஊரில் டை எங்கே கிடைக்கும்' என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

அந்தச் சட்டத்தைப் படித்துக்கொண்டே போனபோது 13-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் நின்றுவிட்டேன். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே வேறு துப்பாக்கி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கி இருப்பதைப் பழமை, பின்தங்கிய நிலை என்று எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன், நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். இது பின்தங்கியது இல்லை, பின்னால் நிறுத்தப்பட்டது. சிப்பாய்க்கு ஸ்னைடர் கொடுத்த அதே யோசனை, விவசாயிக்கு 1959-இலும் தொடர்ந்தது. தோட்டா வைத்த துப்பாக்கி என்றால் ஒவ்வொரு கூட்டுக்கும் கடை, கணக்கு, லைசென்ஸ் புத்தகத்தில் பதிவு. தோட்டாவே இல்லாத துப்பாக்கிக்கு அந்தக் கடையே வேண்டாம். கூட்டை யார் செய்கிறார்களோ அவர்கள் கையில்தான் துப்பாக்கி. கூடே இல்லையென்றால்? அதனால்தான் மலையில் அது இத்தனை காலம் தங்கியது என்று நினைக்கிறேன்.

பாதுகாப்பானது என்று சொல்லவில்லை. தாத்தாவுடையது முத்திரை போட்ட துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் தண்ணீர்க் குழாயில் செய்யப்படுபவை வேறு ரகம். சைக்கிள் பால்ரஸ் போட்டுக் கெட்டித்து, குழல் வெடித்துக் கை போனவர்கள், பன்றி என்று நினைத்துச் சுடப்பட்டுச் செத்தவர்கள் பற்றிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. போலீஸும் வனத்துறையும் அவ்வப்போது மலைக் கிராமங்களில் கூட்டம் போட்டு, தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்கிறார்கள். ஒப்படைக்காமல் பிடிபட்டால் உரிமமில்லாமல் வைத்திருந்ததற்கு மட்டுமே குறைந்தது 2 வருஷம். மலையாளிப் பழங்குடி விவசாயி ஒருவருக்கு 2 வருஷம் என்றால் இரண்டு போகச் சாமை போச்சு, கடன் வட்டி தனி.

பன்றி மட்டும் குறையவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடுவார்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வயலும் காடும் வரப்பு வைத்துப் பிரித்த மாதிரித்தான். மூன்று கிலோமீட்டர் நடந்தால் இன்னொரு காட்டுக்குள் போய்விடுவோம்.

இதையெல்லாம் ஒருமுறை அந்த அமெரிக்க நண்பரிடம் வீடியோ காலில் சொன்னேன். அவர் அப்பா வியட்நாமில் இருந்தவராம். 1966, 67-இல் அங்கே புதிதாக வந்த எம்-16 ரைஃபிளில் கூடுகள் மாட்டிக்கொண்டே இருந்தன. மருந்தை மாற்றியிருந்தார்கள், கூடு உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, சுத்தம் செய்யும் சாமான்களும் போதவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து 1967-இல் காட்டமாக அறிக்கை கொடுத்தது. அதுவரை வீரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுத்தம் செய்கிற கம்பியைத் துப்பாக்கியோடு டேப் போட்டுக் கட்டிவைத்து, கூடு மாட்டினால் வாய் வழியாகக் கம்பியை விட்டு இடித்துத் தள்ளினார்கள். உலகத்தின் மிகப் புதிய ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு, என் தாத்தா செய்ததைச் செய்தார்கள்.

தாத்தா 1996-இல் போய்விட்டார். லைசென்ஸ்காரர் இறந்தால் வாரிசுகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மாமா துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கினார். அந்த ரசீதைப் போன பொங்கலுக்குப் போனபோது ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எஸ்.பி.எம்.எல். ஒன்று, கம்பி ஒன்று என்று எழுதியிருக்கிறது. தோட்டா என்ற இடத்தில் ஒரு கோடு. திருகாணியைப் பற்றி எதுவும் இல்லை, அதைக் கொடுக்க மறந்துவிட்டார்களாம். இப்போது அது கிணற்றுமேட்டு மோட்டார் ஷெட்டில் ஸ்பேனர்களோடு கிடக்கிறது. பம்ப்பில் இத்துப்போன கிளாண்டு கயிறு உள்ளே மாட்டிக்கொண்டால் மாமா அதை விட்டுத்தான் திருகி எடுக்கிறார்.